பன்னிரண்டு மணித்தியாலச் சூப்பும் ஐந்து மாதக் கூழும்

மல்கிரேவில் இருந்து ஸ்பிரிங்வேல் வீதியால் தெற்குப் பக்கமாகப் பத்து நிமிடம் கார் ஓடினால் வியட்நாம் வந்துவிடும். பக்கிங்ஹாம் அவெனியூவில் இறங்கினால் நண்டு, வல்லாரை, கங்குன், பச்சை மாங்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வாங்கலாம். மெல்பேர்னின் தென்கிழக்கில் இருக்கிற எங்கட ஆட்கள் பலருக்கு அதுதான் சந்தை. சனிக்கிழமை காலையில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்த களைப்புத் தீர, அங்கே ஒரு சின்னக் கடையில் ஒரு கோப்பை ஃபோ சாப்பிட்டுவிட்டு வருவது என்னுடைய பல வருடப் பழக்கம். எழுதுவது ஃபோ என்றாலும் அவர்கள் வாயில் அது ‘ஃபா’வுக்கும் ‘ஃபே’வுக்கும் நடுவில் ஒரு சத்தமாக வரும்.

பார்வைக்கு அது வெறும் நூடில்ஸ் சூப். செய்முறையைக் கேட்டால்தான் மரியாதை வரும். மாட்டெலும்பை ஒருதரம் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கழுவிய எலும்பைப் புதுத் தண்ணீரில் போட்டு, நெருப்பில் கருக வாட்டிய வெங்காயமும் இஞ்சியும் சேர்த்து, நட்சத்திரச் சோம்பு, கறுவா, கராம்பு, கறுப்பு ஏலக்காய் எல்லாவற்றையும் வறுத்துத் துணியில் முடிந்து உள்ளே விடுவார்கள். பிறகு எட்டு, பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்பில் கிடக்கும். தளதளவென்று கொதித்தால் கலங்கிப்போகும். ஓரத்தில் ஒரு குமிழி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு குமிழி, அவ்வளவுதான் நெருப்பு. நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் எனக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் வருகிற கோப்பைக்காக ஒருவர் முதல்நாள் இரவு நித்திரை முறித்திருக்கிறார்.

இது ஒன்றும் ஆயிரம் வருடப் பழைய சாப்பாடு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட வியட்நாமில் நாம் தின், ஹனோய் பக்கங்களில் பிறந்தது. உள்ளூர்ச் சனத்துக்கு மாடு உழவுக்கு. ஆள வந்த பிரெஞ்சுக்காரருக்கு மாடு இறைச்சிக்கு. இறைச்சி துரைமாரின் மேசைக்குப் போக எலும்பு மிஞ்சியது. தோளில் தடி வைத்து ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் பானையுமாகத் தெருத்தெருவாகத் திரிந்த சீன, வியட்நாமிய வியாபாரிகள் அந்த எலும்பைச் சூப்பாக்கி விற்றார்கள். மிஞ்சியதில் ருசி எடுக்க நேரம் ஒன்றுதான் வழி. ஏழையிடம் வேறென்ன இருக்கிறது?

1954இல் ஜெனீவா உடன்படிக்கையில் நாடு இரண்டாகப் பிரிய, வடக்கில் இருந்து எட்டு, பத்து இலட்சம் பேர் தெற்குக்குப் போனார்கள். ஃபோவும் அவர்களோடு சைகோனுக்குப் போனது. தெற்கின் வாழ்க்கை கொஞ்சம் செழிப்பானது, அங்கேதான் பயற்றமுளை, துளசிவகை இலைகள், இனிப்பான சோஸ் எல்லாம் கோப்பையில் சேர்ந்தன. வடக்கிலோ போரும் பங்கீடும். அரச கடைகளில் இறைச்சி இல்லாத ஃபோ கிடைத்தது. அமெரிக்கர் அனுப்பிய ஆளில்லாத வேவு விமானங்களைப் பார்த்த ஹனோய்ச் சனம் அதற்கு ‘விமானி இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்து, சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்த எங்களுக்கு அந்தப் பகிடி விளங்கும்.

சைகோனில் ஃபோ பின் என்று ஒரு கடை இருந்தது. ‘பின்’ என்றால் சமாதானம். கீழே அமெரிக்கச் சிப்பாய்களும் வந்து சூப் குடித்துவிட்டுப் போனார்கள். மேல்மாடியில் 1968 டெட் தாக்குதலுக்கு வியட்கொங் ஆட்கள் இரகசியமாகத் திட்டம் போட்டார்கள். ஒரு சாப்பாட்டுக்கடைக்குள் எவ்வளவு சரித்திரம் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

1975இல் சைகோன் விழுந்தது. 1976 ஏப்ரல் 26ஆம் திகதி ஐந்து பேரோடு ஒரு சின்னப் படகு டார்வின் கரைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவுக்கு வந்த முதல் வியட்நாம் அகதிப் படகு அதுதான். பின்னால் வந்தவர்களில் பலரை ஸ்பிரிங்வேலில் வெஸ்டோல் வீதியில் இருந்த என்டர்பிரைஸ் குடிவரவு விடுதியில் தங்கவைத்தார்கள். 1970இல் தொடங்கி 1992இல் மூடப்பட்ட அந்த விடுதியில் இருந்து வெளியே வந்த சனம் தூரம் போகவில்லை. பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை, பக்கத்துத் தெருக்களில் வீடு, பிறகு கடை. பன்னிரண்டு மணித்தியாலப் பானையை அவர்கள் அந்தக் கடைகளில் ஏற்றினார்கள். இன்று அதே தெருவில் வெள்ளைக்காரரும் நாங்களும் வரிசையில் நிற்கிறோம்.

ஒருநாள் என் மகள் அங்கே சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டாள்: “அப்பா, அப்பம்மா வந்து நிக்கேக்க காய்ச்சின கூழ் ஏன் ஒரு கடையிலயும் இல்லை?” நான் அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கேள்வி மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நல்ல சாப்பாட்டுக்கடை இல்லாமல் இருந்ததா? இருந்தது. நான் முதல் முதல் ‘ஹோட்டல் சாப்பாடு’ சாப்பிட்டது பெரியகடையில் மலாயன் கபேயில், ஐயாவோடு. வாழையிலை, சோறு, பருப்பு, கத்தரிக்காய், பச்சடி, வடை. சாப்பிட்டு முடிய இலையை மடித்துச் சுவரில் உள்ள துவாரத்தால் தள்ளிவிட்டால் வெளியே மாட்டுக்குப் போய்ச் சேரும். அந்தத் துவாரத்துக்காகவே நான் அவசரமாகச் சாப்பிட்டேன். போரையும் தாண்டி நின்ற கடை அது. ஆனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் குடும்பத்தோடு போய் இருந்து சாப்பிடக்கூடிய கடை என்றால் பெரும்பாலும் சைவக்கடைதான். மீனும் நண்டும் போட்ட கூழுக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பொதுவாகச் சொல்கிறேன், எந்தக் கடையையும் குறித்து அல்ல. சேர்ந்து இருந்து சாப்பிடுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் கிடைத்த உரிமை இல்லை. எத்தனையோ தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வரமுடியாது. வெளியே நின்று, போத்தலிலோ தகரப்பேணியிலோ சிரட்டையிலோ வாங்கிக் குடிக்க வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1958இல் சிறுபான்மைத் தமிழர் மகாசபை யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டத்தைத் தொடங்கியது. பட்டணத்தில் சில கதவுகள் திறந்தன, கிராமங்களில் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. அதன் பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று கடை கடையாகப் போராடியது. அடிதடி, துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி எல்லாம் நடந்தன. அந்த இயக்கத்தில் முன்னின்ற கே. டானியல் பின்னர் ‘பஞ்சமர்’ நாவலில் அந்த நாட்களை எழுதினார்.

ஒரு பிளேன்ரீயைக் கிளாசில் குடிப்பதற்குப் பத்து வருடம் போராட வேண்டியிருந்த ஊரில், எல்லோரும் ஒரே பானையைச் சுற்றி இருக்கிற சாப்பாடு எப்படிக் கடைக்கு வரும்? எங்கள் நல்ல சமையல் எல்லாம் வேலிக்குள்ளேயே இருந்துவிட்டது. யார் வீட்டில் யார் சாப்பிடலாம் என்பதை வேலிதானே தீர்மானித்தது!

அந்த வேலிக்குள் நடந்த சமையலின் பொறுமையைச் சொல்ல ஒரு கூழ் போதும். பனம்பழம் விழுந்த பிறகு கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மூடவேண்டும். மூன்று நாலு மாதம் கழித்துக் கிழங்கு. அதைக் கிழித்து வெயிலில் போட்டால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, கைப்புப் போகத் தெளிந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி எடுக்கவேண்டும். பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி. அவை அவிய மீன்தலை, நண்டு, இறால். அரைத்த செத்தல்மிளகாய், பழப்புளி. கடைசியாகக் கரைத்த மா. அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே நிற்கவேண்டும். பிறகு முற்றத்தில் வட்டமாக இருந்து பிளாவிலோ பலாவிலையிலோ சுடச்சுடக் குடிக்கலாம். கணக்குப் பார்த்தால் ஒரு கூழுக்கு ஐந்து மாதம். பன்னிரண்டு மணித்தியாலச் சூப் எங்களுக்கு முன்னால் பிச்சை வாங்கவேண்டும்.

நாங்கள் அகதியாகி உலகம் முழுக்கப் போனபோது கடைக்குக் கொண்டுவந்தது எதை? ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ன் எங்கே பார்த்தாலும் கொத்துரொட்டி, ரோல்ஸ், வடை, தோசை. எல்லாம் ஊர்க்கடையில் இருந்தவை, கெதியாகக் கையில் தரக்கூடியவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. தகரத்தில் கொத்து அடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கும் கால் தானாக நிற்கும். ஆனால் ஒவ்வொன்றாக வறுத்து இடித்த தூளும், நாலு மணித்தியாலம் அடுப்பில் வற்றிய ஆட்டிறைச்சிக் கறியும், கூழும் அம்மாமாரின் கையிலேயே தங்கிவிட்டன. அந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. அந்த வியட்நாம்காரர் கோப்பையின் விலையில் தன் இரவையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இப்போது அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. செய்முறையைக் கொப்பியில் எழுதி வைக்கலாம். கைப்பு எப்போது போனது என்று விரலில் தொட்டுப் பார்த்துச் சொல்வதை எழுதி வைக்க முடியாது. அதற்குப் பக்கத்தில் நின்று பழகவேண்டும். பெண்பிள்ளைகள் மட்டும் நிற்கவேண்டும் என்றும் சட்டமில்லை. ஃபோப் பானைக்கு இரவிரவாகக் காவல் இருக்கிறவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிசன். எங்கள் வீட்டு ஆண்கள் கூழ் குடிக்க வட்டமாக இருந்தார்களே தவிர, துழாவ வந்தவர்கள் குறைவு.

மகளின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. யாரையும் பக்கத்தில் இருத்தாத சமூகம் தன் நல்ல சாப்பாட்டையும் வெளியே கொண்டுவராது. இந்த நாட்டில் எங்களுக்கு வேலி இல்லை. மேசை இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. யாராவது ஒருவர் அந்தப் பானையைக் கடையில் ஏற்றினால், பக்கிங்ஹாம் அவெனியூ வரிசையை விட்டுவிட்டு அங்கே வந்து நிற்க நான் தயார். சொல்லுகிற விலையைக் கொடுக்கவும் தயார்.