விலை விகிதமும் வீட்டு வரிசையும்: பிரெக்ஸிட் வாக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வீடு மலிவான ஊர்கள் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறவும், விலை ஏறிய ஊர்கள் அதில் நீடிக்கவும் வாக்களித்தன என்பது ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. வரைபடமும் அப்படித்தான் காட்டுகிறது. அதற்கு அடிப்படையான எண்ணைப் பிரித்துப் பார்த்தால் அந்த முடிவு தளர்கிறது என்பதே என் வாதம்.

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் உள்ளாட்சிப் பகுதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிடும் விலை–வருவாய் விகிதமே அந்த எண். மேலே, அந்த ஆண்டில் விற்பனையான வீடுகளின் இடைநிலை விலை. கீழே, முழுநேர ஊழியர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம். விற்காத வீடு மேலே வராது. ஓய்வூதியரும் சுயதொழில் செய்பவரும் கீழே வர மாட்டார்கள். வாக்களிப்பதில் முந்தி நிற்பவர்கள் முதியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இடம்பெறாத ஒரு விகிதத்தால் அவர்களின் மனக்குறையை அளந்திருக்கிறோம். அதிலும் இரண்டு வடிவங்கள் உண்டு: வேலை செய்யும் இடத்தை வைத்து ஒன்று, குடியிருக்கும் இடத்தை வைத்து மற்றொன்று. தினமும் ரயிலேறி லண்டன் போகிறவரின் சம்பளம் முதல் வடிவில் அவருடைய ஊர்க் கணக்கில் சேராது. வாக்கு மட்டும் ஊரில் விழும்.

கிழக்கு லண்டனின் பார்க்கிங்–டாகெனம் பரோவில் (பரோ என்பது லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) 62.4 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தனர். லண்டனில் வீடு மிக மலிவான பரோவும் அதுவே. பழைய வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று தோன்றும். ஆனால் இங்கிலாந்து முழுவதையும் வைத்துப் பார்த்தால் அங்கே விலை இடைநிலைக்கு மேலே!

1921 முதல் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் கட்டிய பெக்கன்ட்ரி குடியிருப்பின் பெரும்பகுதி இங்கேதான். வரிசை வரிசையாக ஒரே சாயலில் செங்கல் வீடுகள். அத்தகைய வரிசையில் அடுத்தடுத்து மூன்று கதவுகள். முதல் வீடு இன்னும் கவுன்சில் வாடகையில். இரண்டாவது, குடியிருந்தவரே 1980 வீட்டுவசதிச் சட்டப்படி தள்ளுபடி விலையில் வாங்கியது. மூன்றாவதும் அப்படி வாங்கியதுதான். பிறகு கைமாறி, இப்போது தனியார் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. விகிதத்தில் பதிவாவது இந்த மூன்றாவது வீடு மட்டும், அதுவும் சந்தையில் விற்ற ஆண்டில் மட்டும்.

2006 கவுன்சில் தேர்தலில் தீவிர வலதுசாரியான பிரிட்டிஷ் தேசியக் கட்சி இங்கே 12 இடங்களைப் பிடித்தது. ஆப்பிரிக்கர்கள் இங்கே வீடு வாங்க ரகசிய மானியம் தரப்படுகிறது என்ற பொய்யை அது துண்டறிக்கையாக்கிப் பரப்பியிருந்தது. மறு ஆண்டு, பார்க்கிங் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. மார்கரெட் ஹாட்ஜ், வீட்டு ஒதுக்கீட்டில் உள்ளூர்க் குடும்பங்களுக்கு முன்னுரிமை கேட்டு எழுதிச் சர்ச்சையில் சிக்கினார். இரண்டிலும் சண்டை விலையைப் பற்றியதல்ல. வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பது பற்றியது. விலைப் புள்ளிவிவரத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

ஒரு பரோவை வைத்து நாட்டை அளக்கலாகாது. பகுதியின் வாக்கிலிருந்து தனிமனிதரின் வாக்கை ஊகிப்பதிலுள்ள ஆபத்து எனக்கும் பொருந்தும். ஆனாலும் வீடு மலிவான லிவர்பூலில் 58.2 விழுக்காட்டினர் நீடிக்கச் சொன்னதையும், மலிவென்று சொல்ல முடியாத, கிழக்கு லண்டனின் மற்றொரு பரோவான ஹேவரிங்கில் 69.7 விழுக்காட்டினர் வெளியேறச் சொன்னதையும் விதிவிலக்கென்று தள்ளிவிட முடியாது. வயதும் படிப்பும் இதை விளக்கிவிடும் என்பார்கள். விளக்கட்டும், பிறகு விலை விகிதத்துக்கு அங்கே என்ன வேலை?

கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலை மாற்றாகக் கொள்ளலாமே என்றால், அதையும் அப்படியே நம்ப முடியாது. இங்கிலாந்தில் 2012இல் 18 லட்சத்தைத் தாண்டியிருந்த அந்தப் பட்டியல் 2016இல் சுமார் 12 லட்சமாக இறங்கியது. யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை 2011ஆம் ஆண்டின் ஒரு சட்டம் கவுன்சில்களுக்குக் கொடுத்திருந்தது. பல கவுன்சில்கள் விதியை இறுக்கிப் பெயர்களை நீக்கின.