சாருக்கா, மேடம்?

ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் வேடந்தாங்கலுக்குப் பாதை. படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு அரைவைப் பருவமும் பறவைகள் வந்து தங்கும் பருவமும் ஏறத்தாழ ஒன்று. அதனால் நத்தைகுத்தி நாரை பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஆலையின் வாடையைக் கடந்தாக வேண்டும். காய்ந்த பாகும் புளித்த பாகும் கலந்த வாடை. சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் கரிய கழிவுப்பாகிலிருந்துதான் உலகின் பெரும்பாலான ரம் வடிக்கப்படுகிறது. சென்ற தை மாதம் நாங்கள் நான்கு பெண்கள் அந்த வழியாகப் போனபோது என் பையில் ஒரு ரம் பாட்டில் இருந்தது.

அதை வாங்கியது ஒரு விமான நிலையக் கடையில். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்த இளைஞர் தமிழ் பேசினார். கோலாவோ தண்ணீரோ கலக்காமல் மெல்லக் குடிக்கத் தகுந்த நல்ல ரம் வேண்டும் என்றேன். "சாருக்கா, மேடம்?" என்றார். எனக்குத்தான் என்றதும் பணிவோடு வேறு அலமாரிக்கு அழைத்துப் போய்ப் பாலாடையும் சாக்லேட்டும் கலந்த இனிப்பு மது வகைகளைக் காட்டினார். குறை சொல்லும்படி எதுவும் அவர் செய்யவில்லை. பெண்ணுக்கு நாக்கு உண்டென்றால் அது இனிப்புக்கான நாக்கு என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் பழைய அலமாரிக்கே திரும்பிப் போய் அரைமணி நேரம் சீட்டுகளைப் படித்தேன்.

ரம்மில் நிறத்தை நம்பக்கூடாது. கருமையைத் தருவது மரப்பீப்பாயில் கிடந்த காலமாகவும் இருக்கலாம், கடைசியில் ஊற்றிய கருக்கிய சர்க்கரையாகவும் இருக்கலாம். நம் ஊர்ப் பாட்டில்களில் காணும் மூன்று எக்ஸ் எந்த வயதையும் குறிக்காது. வயதை எண்ணாக எழுதியிருக்கிறதா, அந்த எண் கலவையிலுள்ள மிக இளைய சரக்கின் வயதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது சர்க்கரை. வடித்து முடித்த ரம்மில் இயல்பாகச் சர்க்கரை இருக்காது. வழவழப்புக்காகப் பின்னால் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, ஆவியான பிறகு பிசுபிசுத்தால் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அப்புறம், வடித்தது எதில்? தூண் வடிகலனில் வந்தது மெலிந்து சுத்தமாக இருக்கும். பானை வடிகலனில் வந்தது கனத்து, பழுத்த வாழையும் வெல்லமும் மணக்கும். வெயில் நாட்டில் பீப்பாய் வேகமாக வேலை செய்யும், வேகமாகக் குடிக்கவும் செய்யும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியாகிப் போனால் பெங்களூரில் 10 சதவீதத்தையும் தாண்டும். எனவே நம் வெயிலில் ஏழெட்டு வருடம் என்பது சின்ன வயதில்லை. 1954-இல் வந்த ஓல்டு மங்க் ஏழு வருடம் என்றுதான் சொல்லிக்கொண்டது. ராணுவக் கேன்டீன் வழியாக அது தமிழ் வீடுகளுக்குள் நுழைந்து, ஆண்களுக்குப் போதையாகவும் பெண்களுக்குச் சளி மருந்தாகவும் பரண் மேல் இருந்தது. என் மாமா வீட்டுப் பாட்டிலிலிருந்து ஒரு தேக்கரண்டிக்கு மேல் எந்தப் பெண்ணுக்கும் கிடைத்ததில்லை.

கடைசியில் ஜமைக்கா பாட்டில் ஒன்றை எடுத்தேன். காரணம் சரக்கு மட்டுமல்ல. ஆப்பிள்டன் எஸ்டேட்டில் எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்று தீர்மானிக்கும் தலைமைக் கலவையாளராக 1997-இல் ஜாய் ஸ்பென்ஸ் பொறுப்பேற்றார். வேதியியல் படித்தவர். மது உலகில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். முதல் பெண்ணுக்கு 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்ததா என்று அங்கே நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் செங்கல்பட்டுக் கடற்கரையில் அந்த வேலையைச் செய்த பெண்களைப் பற்றித்தான் நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன்.

பெரும்பாணாற்றுப்படை தொண்டை நாட்டுப் பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகம் வருகிறது. மாமல்லபுரமா, பாலாற்று முகத்துவாரத்தில் வாயலூர்ப் பக்கமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. இரண்டும் எங்கள் கடற்கரைதான். அந்தப் பட்டினத்தில் கள் காய்ச்சுகிறவர்கள் பெண்கள். அவர்கள் கிண்ணம் கழுவி ஊற்றிய நீர் முற்றத்தில் சேறாகக் கிடக்கிறது, அதில் பன்றிகள் புரள்கின்றன. கவிஞருக்கு இதில் அருவருப்பும் இல்லை, அனுதாபமும் இல்லை. ஒரு தொழில் நடக்கும் இடத்தின் ஈரத்தைச் சொல்லிவிட்டு, சில அடிகள் தள்ளிக் கலங்கரை விளக்கத்துக்குப் போய்விடுகிறார். அதே பாட்டில், வலைஞர் குடியிருப்பில், செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளை நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. எவ்வளவு நேரம், எந்த வாய் அகலப் பாத்திரம், எப்போது பிழிவது என்ற கணக்கைக் காதால் மட்டும் கேட்டு எழுதியிருக்க முடியாது. யாரோ செய்து காட்டப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

அந்தக் காலத்துத் தமிழுக்கு மதுவில் சொல் பஞ்சம் இல்லை. அரிசியில் செய்தது தோப்பி. பிழிந்தது பிழி. தெளிந்தது தேறல். மலைபடுகடாத்தில் மூங்கில் குழாய்க்குள் முதிரவைத்த தேன் தேறல் வருகிறது. பாரியின் பறம்பைப் பாடும் புறநானூறு 120-இல் மண்ணில் புதைத்துப் பழுக்கவைத்தது வருகிறது. பீப்பாய் வராத காலத்தில் மூங்கிலும் மண்ணும் அந்த வேலையைச் செய்தன. வாயலூரை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970-ஐ ஒட்டித் தொல்லியல் துறை தோண்டியபோது கூம்படிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கடல் வழி வணிகத்தின் சாடிகள் அவை.

இதே உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையும் பாடினார். காவிரிப்பூம்பட்டினத்தின் இரவு. துணையோடிருக்கும் பெண்கள் பட்டைக் களைந்து மெல்லிய துகில் உடுத்துகிறார்கள், மட்டைத் தள்ளிவிட்டு மதுவைக் குடித்து மகிழ்கிறார்கள். அவர்கள் சூடியதை ஆண்கள் சூடுகிறார்கள், ஆண்கள் சூடியதை இவர்கள். மட்டு எது, மது எது என்று உரைகாரர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியம் அந்தத் தள்ளிவைக்கும் கை. இது வேண்டாம், அது வேண்டும் என்கிற பெண் கை. ஊற்றிக் கொடுக்கும் கைகளைச் சங்கப் பாட்டு எங்கும் பார்க்கலாம். பாண்டியனுக்கு யவனர் சாடியில் கொண்டுவந்த தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தருவது புறநானூறு 56. குடிக்கும் பெண்ணாக ஔவை இருக்கிறார். அதியமான் இறந்தபின் அவர் பாடிய கையறுநிலை, அவனோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட நினைவில்தான் தொடங்குகிறது. ஆனால் தேர்ந்தெடுக்கும் பெண்கள் என்று கண்ணில் பட்டவர்கள் எனக்குப் பட்டினப்பாலையில்தான்.

பிறகு குறள் வருகிறது. கள்ளுண்ணாமை அதிகாரத்திலும் பெண் உண்டு. ஆனால் குடிப்பவன் முகத்தைப் பார்க்க நேரும் தாயாக, அவனுக்கு முதுகு காட்டிப் போகும் நாணம் என்னும் நல்லவளாக. குடிக்கவும் காய்ச்சவும் தெரிந்தவள் போய், குடியால் நோகிறவள் வந்துவிட்டாள். இந்த மாற்றத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். நோவு உண்மை. 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவுக்கு வந்தார்கள். இன்றுவரை கடையை மூடச் சொல்லிச் சாலையில் உட்காருபவர்கள் பெண்கள். அதைப் பெண்களின் அரசியல் என்றே வகுப்பில் சொல்கிறேன். ஆனால் திறப்பதும் மூடுவதும் என்றைக்கும் அவர்கள் கையில் இருந்ததில்லை. 1937-இல் சேலத்தில் மூடியது, 1948-இல் மாகாணம் முழுக்க மூடியது, 1971-இல் திறந்தது, 1974-இல் மூடியது, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம், 2003-இல் சில்லறைக் கடையும் அரசிடம். நடுவில் 1987-இல் கள் தடை.

அந்தத் தடை வந்தபோது நான் சிறுமி. செய்யூர்ப் பக்கம் என் ஆயா வீடு. விடிகாலையில் இறங்கும் கள்ளைப் பனையோலைப் பட்டையில் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காருவாள். முதலில் மோந்து பார்ப்பாள். ஒரு வாய் வைத்ததுமே, நேற்றைய மிச்சம் கலந்ததா, கலயம் சரியாகக் கழுவாததா என்று மரமேறியிடம் சொல்லிவிடுவாள். அவரும் மறுக்கமாட்டார். வெயில் ஏறினால் புளிப்பு ஏறும், அப்புறம் அது ஆம்பளைங்களுக்கு என்பாள். சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர் எங்களுக்கு. ஒரு பட்டைக்கு மேல் அவள் குடித்துப் பார்த்ததில்லை. தடைக்குப் பிறகு அந்த மூக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. டாஸ்மாக் வரிசையில் ஆயா நிற்கமாட்டாள். நின்றாலும் அங்கே மோந்து பார்க்கத் தருவதில்லை.

ரம்முக்கும் எங்கள் பெண்களுக்கும் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கப்பல்கள் சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கயானாவுக்கும் மார்த்தினிக்குக்கும் போயின, பிற்காலத்தில் பிஜிக்கும். பிஜித் தோட்டத்துப் பெண்களை நினைத்துத்தான் பாரதி பாடினார். பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்குப் போன கப்பல்களில் 100 ஆணுக்கு 40 பெண் என்றொரு விகிதம் வைத்திருந்தார்கள். அவர்கள் களையெடுத்த கரும்புதான் சர்க்கரையானது, மிஞ்சிய பாகு ரம் ஆனது. கயானாவின் போர்ட் மோரன்ட் தோட்டப் பெயரில் இன்றும் ஒரு மர வடிகலன் இயங்குகிறது. அதில் வடித்த ரம்மைத் தேடி வாங்குகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. மெட்ராஸ்காரர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே கட்டிய மாரியம்மன், காளியம்மன் கோயில்களில் மதுரைவீரனுக்கு ரம் படைக்கிறார்கள். இங்கே சாராயமும் சுருட்டும் வைப்பதைப்போல.

வேடந்தாங்கல் ஏரியில் அந்தி சாய்ந்து, மாமல்லபுரத்துக்கு வந்து, கடலோர வீடொன்றின் மாடியில் பாட்டிலைத் திறந்தபோது இதையெல்லாம்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஐஸ் வேண்டாம், வாய் குறுகிய சின்னக் குவளை போதும், மூக்கை உள்ளே நுழைக்காமல் சற்றுத் தள்ளி மோந்து பாருங்கள், காரமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் என்று பாடம் வேறு. எங்களில் இளையவள், என்னிடம் படித்து இப்போது ஆய்வு செய்கிறவள், சித்தாமூர்ப் பக்கத்துக்காரி. குவளையைத் தொடாமல் கேட்டாள்.

"எங்க பக்கத்துல 2023 மே மாசம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்க்கா. அதே ஊர்ல உட்கார்ந்து நாம ரம்முக்கு வயசு பாக்கறோமா?"

தெரியும். மரக்காணத்திலும் எங்கள் மாவட்டத்தின் சித்தாமூர்ப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு இருபதுக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். மறு ஆண்டு கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெண்கள் எதற்குக் குடித்தார்கள் என்ற கேள்வியை எரியூட்டும் முன்பே கேட்டவர்கள் உண்டு. ஆண்களைப் பற்றி அப்படி யாரும் கேட்கவில்லை. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்த உடம்பு வலிக்குக் கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதை வாங்கியவளுக்கு மட்டு எது, மது எது? மெத்தனாலுக்கு நாக்கில் தனி அடையாளம் கிடையாது. என் ஆயாவே குடித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். ருசி அறிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் அரைமணி நேரம் சீட்டுப் படித்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது என் நாக்கால் அல்ல, சம்பளத்தால்.

இதைத்தான் அவளிடம் சொன்னேன். பதில் சொன்னதாக எனக்கே தோன்றவில்லை. அலைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு அவள் குவளையை எடுத்து, நான் சொன்னபடி தள்ளி வைத்து மோந்தாள். இரண்டாவது முறையும் மோந்தாள்.

"படாளம் வாடைதானேக்கா இது" என்று சொல்லி, குடிக்காமல் என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.