பாவை ஏன் அறுத்தீங்க?

மனநலம் குன்றியவரோடு வீட்டார் போய்த் தங்குவது நம் பக்கம் புதிதல்ல. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைக்கும் வழக்கம் பழையது. எங்கள் சோமனூரிலிருந்தும் போவார்கள். ஆனால் கூடவே இருந்தவர்கள் நோயாளியிடம் எதையும் கேட்டதில்லை. அவரைப் பற்றி அடுத்தவரிடம்தான் பேசினார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டவர்களில் முன்னோடி அமிர்தசரஸ் டாக்டர் வித்யாசாகர். 1950களில் மனநல மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினரைத் தங்க வைத்து, அவர்களோடு உட்கார்ந்து பேசினார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் தொடக்கம் முதலே உறவினர் ஒருவர் கூடத் தங்க வேண்டும் என்பது நடைமுறை.

1986இல் என் சித்தப்பாவை அங்கேதான் கூட்டிப்போனோம். தறி ஓடும்போது யாரோ தன் பேரைச் சொல்லித் திட்டுவதாகச் சொல்வார். “தறிச் சத்தத்துல அப்பிடித்தான் கேக்கும்” என்று வீட்டில் தள்ளிவிட்டோம். ஒருநாள் தறியில் ஓடுகிற பாவு நூலையே அறுத்துப்போட்டார். கூலிக்கு நெய்கிற வீட்டில் அது சின்ன நட்டமா?

டாக்டர் முன்னால் ஆத்தா அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் கேட்டுவிட்டு சித்தப்பாவைப் பார்த்தார்.

“பாவை ஏன் அறுத்தீங்க?”

“அவனுக்கு என்னுங்க தெரியும்?” என்றாள் ஆத்தா.

“சத்தம் நிக்கட்டும்னுதானுங்க” என்றார் சித்தப்பா.

அத்தனை மாதத்தில் நாங்கள் யாருமே கேட்காத கேள்வி அது. மாத்திரையும் கொடுத்தார்கள், அதில்லாமல் தேறியிருக்க மாட்டார். ஆனால் அதன் பிறகுதான் ஆத்தா அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

பின்லாந்தின் டோர்னியோ நகரத்து மருத்துவமனையில் 1984இல் ஒரு முடிவெடுத்தார்களாம்: நோயாளி இல்லாத இடத்தில் அவர் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில்லை. யாக்கோ செய்க்குலா போன்றவர்கள் அதை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். அதே 1984இல்தான் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

இதெல்லாம் நடந்த பிறகும் 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் மாண்டார்கள், 28 பேர். வீட்டார் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள் அவர்களில் உண்டு.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பாகப் பேச ஓர் ஆளையும் நியமிக்கலாம். சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தியை விட்டுவிட்டு என் பேரைச் சொன்னார். சித்திக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.