மாக்சிம் கார்க்கி (பிரசார விமானம்)

அரசியல் பிரசாரத்துக்கென்றே சோவியத் ஒன்றியம் கட்டிய எட்டு எஞ்சின் விமானம். வடிவமைப்புப் பெயர் ஏஎன்டி-20. எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் 40 ஆண்டு எழுத்துப் பணியைக் கொண்டாட இப்படியொரு விமானம் கட்டலாம் என்று 1932இல் யோசனை சொன்னவர் பத்திரிகையாளர் மிகயீல் கல்த்சோவ். மக்களிடம் நிதி திரட்டினார்கள். ஆந்திரேய் துப்பலேவின் குழு வடிவமைத்தது.

இறக்கையின் அகலம் முனைக்கு முனை 63 மீட்டர். 35 ஆண்டு கழித்துப் பறந்த முதல் போயிங் 747க்கே 59.6 மீட்டர்தான். ஆறு எஞ்சின்கள் இறக்கையில், இரண்டு முதுகின்மேல் முன்னும் பின்னுமாக. நெளிநெளியான டூராலுமின் தகடு போர்த்திய உடலுக்குள் அச்சு இயந்திரம், புகைப்பட இருட்டறை, நூலகம், தொலைபேசி இணைப்பகம், சினிமாக் கருவி எல்லாம் இருந்தன. 'வானத்துக் குரல்' எனப்பட்ட ஒலிபெருக்கி, பறந்தபடியே தரையில் நிற்பவர்களிடம் பேசியது. ரயில் எட்டாத ஊர்கள் நிறைந்த நாட்டில் இது வெறும் ஆடம்பரமல்ல. பத்திரிகை அலுவலகமே இறக்கை கட்டிக்கொண்டு போனது.

1934 ஜூன் 17 அன்று விமானி மிகயீல் குரோமவ் இதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். இரண்டே நாளில், ஆர்க்டிக் பனியில் மூழ்கிய செல்யூஸ்கின் கப்பலிலிருந்து மீண்டவர்களை வரவேற்கச் செஞ்சதுக்கத்தின் மேல் பறந்தது.

   

பிரெஞ்சு வாசகர்களுக்கு இந்த விமானத்தைப் பற்றி எழுதியவர் அந்துவான் து செந்த்-எக்சுபெரி. 'பாரி-சுவார்' நாளிதழின் செய்தியாளராக மாஸ்கோ சென்றவர், 1935 மே 17 அன்று இதில் பறந்தார். மறுநாள் விமானம் இல்லை.

மே 18 அன்று ஏறியவர்களில் பலர், அதைக் கட்டிய ஊழியர்களும் அவர்களுடைய மனைவி மக்களும். ராட்சத உருவம் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்காக ஐ-5 போர் விமானமொன்றைப் பக்கத்தில் பறக்கவிட்டிருந்தார்கள், வேறொரு விமானம் படம்பிடித்தது. ஐ-5 விமானி நிகலாய் பிளாகின் குட்டிக்கரணம் போடப்போய் இறக்கைமீது மோதினார். மாஸ்கோவின் சோக்கல் குடியிருப்பில் விமானம் சிதறி விழுந்ததில் குறைந்தது 45 பேர் மாண்டார்கள். பழி முழுவதும் பிளாகின்மீது விழுந்தது. ஆனால் கூட்டத்துக்குக் காட்ட அந்தச் சிறு விமானத்தை அவ்வளவு நெருக்கத்தில் வைத்த ஏற்பாடு அவருடையதல்ல.

துப்பலேவ் 1937இல் கைதாகிச் சிறையிலிருந்தபடியே விமானம் வடிவமைத்தார். கல்த்சோவை 1940இல் சுட்டுக் கொன்றார்கள். மாக்சிம் கார்க்கிக்கு ஈடாகக் கட்டிய ஆறு எஞ்சின் விமானம் பயணிகள் சேவையில் ஓடி, 1942 டிசம்பர் 14 அன்று தாஷ்கெண்ட் அருகே விழுந்தது. 36 பேர் இறந்தனர்.