வீட்டு பீருக்குக் கிடைத்த அனுமதி



லண்டனில் படிக்கும் பிள்ளை, காபி மணக்கும் ஸ்டௌட் பீரை வீட்டிலேயே தயாரித்ததாகப் படம் அனுப்பினால் பதற வேண்டாம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1880-இல் பிரிட்டன் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கி, பீருக்கு வரி விதித்தார். அத்துடன், வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ரத்து செய்தார். அதன்பின் மால்ட் பாகும் ஈஸ்ட்டும் அடங்கிய கிட்கள் கடைகளில் பெருகின. பாகை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால் போதும். சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை, விற்கத்தான் கூடாது.

ஆனால் தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். விடுமுறைக்கு வரும் பிள்ளை கிட் கொண்டுவர நினைத்தால், இப்போதே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.