சட்டைப்பைக்குள் ஒரு மாயை

திருகோணமலைத் துறைமுகக் குன்றிலுள்ள ஹூட்ஸ் கோபுரக் கடற்படை அருங்காட்சியகத்துக்கு எம் மாணவரை அழைத்துச் சென்றிருந்தோம். கடலை அடக்கி ஆண்ட பெரும் பீரங்கிகள் அங்கே காட்சிப் பொருள்களாய் நிற்கின்றன. அவற்றின் எதிரில் நின்று மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், வாஞ்சிநாதனின் துவக்கு எவ்வளவு பெரிது?" ஒரு சாணுக்கும் குறைவானது என்றோம். அவன் கண்கள் ஒளிர்ந்தன. அவ்வொளியே எம்மைச் சிந்திக்க வைத்தது.

அமெரிக்கரான ஜோன் பிரௌனிங் வகுத்த அமைப்பில், பெல்ஜியத்தின் ஹேர்ஸ்டால் தொழிற்சாலை செய்த கைத்துப்பாக்கி அது. அத்தொழிற்சாலையின் 1900-ஆம் ஆண்டு மாதிரிக்கு 7.65 மில்லிமீற்றர் ரவைகள் ஏழு. விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடி. அவ்வெடியின் பின்னுதைப்பே வெற்றுக்கோதை எறிந்து அடுத்த ரவையை ஏற்றிவிடும். தட்டையானது, சட்டைப்பையில் மறைவது. பீரங்கிக்கு ஓர் அரசு வேண்டும். இதற்கு ஒரு கை போதும். தனியொருவனைப் பேரரசுக்கு நிகராக்குவது போன்ற தோற்றமே இதன் கவர்ச்சி.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று தம்மையும் சுட்டுக்கொண்டார். அவருடைய துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அவர் சட்டைப்பையிலிருந்த கடிதம் சனாதன தருமத்தின் பேரால் பேசியது. மன்னரை இழிவுபடுத்தத் தாழ்த்தப்பட்ட மக்களின் பெயரையே வசைச்சொல்லாக்கியது. அம்மக்களுக்கு அந்த விடுதலையில் இடம் எங்கே? விளைந்தது என்ன? பதினான்கு பேர்மீது சதி வழக்கு நடந்தது. ஆஷின் நாற்காலியில் இன்னொருவர் அமர்ந்தார்.

அதற்கு மூன்றாண்டுகளின் முன், 1908 பெப்ரவரியில், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். தொழிலாளர் ஊதிய உயர்வும் வார ஓய்வும் வென்றனர். மார்ச் 12-இல் தலைவர்கள் கைதானதும் மக்கள் திரண்டெழுந்தனர். திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் பலியாயினர். கையில் ஆயுதமற்ற அத்தொழிலாளரின் பெயர்களை எந்தப் பாடநூல் கூறுகிறது?

ஹேர்ஸ்டால் தொழிற்சாலைக்குக் கொள்கை கிடையாது, விலைதான் உண்டு. 1914-இல் சரயேவோவில் வெடித்ததும் அதன் கைத்துப்பாக்கியே. சிறிய துவக்கு எவர் கைக்கும் பொருந்தும். அது ஏழையின் ஆயுதமென்று எங்கும் எழுதப்படவில்லை. 2006 சனவரி 2 அன்று எமது கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். துவக்கின் முன்னால் நிற்பது எத்தகையது என்பதை இவ்வூர் அறியும்.

கண்ணொளிர்ந்த மாணவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. அநீதியை விரைந்து முடிக்க விழையும் இளமை குற்றமன்று. ஆனால் அவன் கேள்விக்கு நாம் கூறிய விடை அரைவிடையே. மீதி விடை கோரல் ஆலை வாயிலில் இருக்கிறது. அடுத்த பாடவேளையில் அங்கிருந்துதான் தொடங்கவிருக்கிறோம்.