மிச்சக் காசை யார் கொடுத்தது?

'இந்தத் தண்ணியைத் தேக்காதீங்க!' என்றார்கள் அணைக்குப் பக்கத்தில் இருந்த விவசாயிகள். 'எங்க பக்கம் திறந்தும் விட்டுடாதீங்க!' என்றார்கள் கீழே இருந்தவர்கள். தண்ணீருக்காக அடித்துக்கொள்ளும் ஊரில், தண்ணீர் வேண்டாம் என்று ஒரு சண்டை. கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இடம், ஒரத்துப்பாளையம். நொய்யலின் குறுக்கே 1992-ல் அணை கட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். ஆனால், ஆற்றின் மேல்பக்கம் இருந்தது திருப்பூர். பனியன் ஏற்றுமதி சூடுபிடித்திருந்த நேரம். சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு போட வேண்டும். ஒரு சிட்டிகை அல்ல, மூட்டை மூட்டையாக! சாயம் துணியில் ஏறிக்கொள்ளும். உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போனது. ஆறு அணைக்குப் போனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவற்றால் உப்பை எடுக்க முடியவில்லை. கிணறும் கெட்டது, நிலமும் கெட்டது.

நான் காமர்ஸ் படித்தவன். எந்தச் செலவும் கணக்கில் விடுபடக் கூடாது என்பதுதான் அங்கே பாலபாடம். பனியன் விலையில் நூலுக்குக் காசு உண்டு. கூலிக்கு உண்டு, லாபத்துக்கும் உண்டு. கெட்டுப்போன கிணற்றுக்கு? எந்த லெட்ஜரிலும் இல்லை. ஆனால், செலவு மாயமாகிவிடுமா என்ன? சத்தமில்லாமல் விவசாயி தலையில் எழுதிவிட்டார்கள்.

ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவு ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்றது தீர்ப்பு. சுப்ரீம் கோர்ட்டும் 2009-ல் அதை ஏற்றது. அப்படியும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். திருப்பூர் திகைத்து நின்றது. வேலை போனவர்களும் ஏழைகள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதன் பிறகுதான் வழி பிறந்தது. கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கினார்கள். 90 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீர் திரும்பக் கிடைத்தது. உப்பும் கிடைத்தது! ஆற்றில் கொட்டியதெல்லாம் காசு என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால், இது சும்மா நடப்பதில்லை. கரன்ட் செலவு அதிகம். கடைசியில் எதற்கும் உதவாத கலவை உப்பு வேறு குவிகிறது.

ஆக, சுத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பட்டறைக்காரர் கொடுக்கவில்லையென்றால் ஆறு கொடுக்கும். அடுத்த முறை, 'அட, இவ்வளவு சீப்பா!' என்று ஒரு டி-ஷர்ட்டைக் கையில் எடுக்கும்போது, ஒரு நிமிஷம் யோசியுங்கள்... மிச்சக் காசை யார் கொடுத்தது?